மேல் பல்செட்டும் நான்கு திருகாணிகளும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு வருடத்திற்கும் மேலாக நான் வராமல் இருந்தது பலருக்குத் தெரியும். விசாரித்தவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லி வந்தேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. காரணம் என் மேல் பல்செட். 'வாழைப்பழம்' என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் காட்டியபோது அது கழன்று நாக்கின் மேல் விழுந்துவிட்டது. குழந்தைகள் சிரித்தார்கள், அவர்கள் மேல் தவறில்லை. ஆனால் வெளியே வங்காளமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லித்தர வந்தவன் வாயிலேயே ழகரம் நிற்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது மேல்தாடை எலும்பில் நான்கு இம்ப்ளான்ட் வைத்து, அவற்றின் மேல் பல்செட்டைப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். விவரம் கேட்டவர்கள் பலர். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. தென்கிழக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்த டிப்ளமா இன்ஜினியர். ஆகையால் உதாரணங்களும் அந்த வழியிலேயே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்செட் ஏன் தளர்கிறது?

மேல் பல்செட்டைப் பிடித்து வைத்திருப்பது ஆணியோ பசையோ அல்ல. அண்ணத்திற்கும் தகட்டிற்கும் நடுவே உள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலமும், ஓரங்களில் காற்று புகாதபடி ஈறு கொடுக்கும் அடைப்பும்தான். ஓரத்தில் எங்காவது காற்று புகுந்தால் பிடிமானம் போய்விடும்.

பல் இருக்கும் வரையில்தான் தாடை எலும்பின் மேடு நிலைத்து நிற்கும். பல்லைப் பிடுங்கியபின் அந்த மேடு கரையத் தொடங்குகிறது. முதல் வருடத்தில் கரைவது அதிகம். பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல் கரைந்துகொண்டே இருக்கும். பல்செட் அதே அளவில்தான் இருக்கிறது, அடியில் உள்ள தளம் இறங்கிவிடுகிறது. ஜல்லி இறங்கியபின் ஸ்லீப்பர் கட்டை ஆடுவது போலத்தான் இதுவும். எனக்குப் பற்களை எடுத்தது 58-ஆம் வயதில். "இந்த வயதில் இதற்கெல்லாம் செலவா?" என்று ஏழு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த ஏழு வருடமும் எலும்பு கரைந்துகொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இம்ப்ளான்ட் என்பது என்ன?

டைட்டானியத்தால் ஆன சிறு திருகாணி. பொதுவாக 4 மில்லிமீட்டர் பருமன், 10 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 1950-களில் சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பிரோனிமார்க் முயலின் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிவிட்டிருந்தது. 1965-இல் கோதன்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் செய்வது அதன் தொடர்ச்சிதான்.

ஈறுக்கு மேலே தெரியும் அதன் தலையில் ஒரு குமிழ் இருக்கும். பல்செட்டின் உட்புறம் அதற்கேற்ற குழி இருக்கும். சட்டைக்குப் பிரஸ் பட்டன் போடுவது போல 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். சிலருக்கு இம்ப்ளான்ட்களை ஓர் உலோகக் கம்பியால் இணைத்து, கம்பியின் மேல் பல்செட்டைக் கவ்வ வைப்பார்கள். இரண்டிலும் நாமே கழற்றிக் கழுவலாம்.

மேல்தாடை வேறு, கீழ்த்தாடை வேறு

இதுதான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு கெட்டியானது; அங்கே இரண்டு இம்ப்ளான்ட் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட முறை. மேல்தாடை எலும்பு பஞ்சு போன்றது. போதாததற்குக் கடைவாய்ப் பக்கம் எலும்புக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. ஆகவே மேலே குறைந்தது நான்கு வேண்டும் என்பார்கள். பின்புறம் எலும்பு போதாவிட்டால் காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தி எலும்புத்தூள் நிரப்ப வேண்டியும் வரலாம்.

நான் முதலில் போன இடத்தில் சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு, "மேலே இரண்டு போட்டு ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்" என்றார்கள். மண் பரிசோதனை இல்லாமல் பாலத்துக்குத் தூண் போடுவார்களா? எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது டாக்டர் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, எங்கே எவ்வளவு எலும்பு இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் காட்டினார். முன்பகுதியில் நான்குக்கு இடம் இருந்தது. "இன்னும் சில வருடம் கழித்து வந்திருந்தால் எலும்பு நிரப்ப வேண்டியிருக்கும்" என்றார்.

திருகாணி வைத்தபின் எனக்கு ஆறு மாதம் காத்திருப்பு. புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் உடனே முழு வேகத்தில் வண்டி விடமாட்டோம்; வேகத்தைப் படிப்படியாகத்தான் கூட்டுவோம். மேல்தாடையும் அப்படித்தான். அதுவரை பழைய பல்செட்டின் உட்புறத்தைக் குடைந்து, மெத்தென்ற பூச்சு கொடுத்து அணியச் சொன்னார். எலும்பு கெட்டியாக இருந்து பொருத்தும்போதே இறுக்கம் நன்றாக அமைந்தால் சிலருக்குச் சீக்கிரமே முடிப்பதும் உண்டு. அதை டாக்டர் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

வயது மட்டும் தடை இல்லை. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டுத்தான் தேதி கொடுத்தார்கள். சிகரெட், பீடி, ஜர்தா போட்ட பான் ஆகியவற்றை விட வேண்டும். எலும்புத் தேய்மானத்திற்கு அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் போன்ற மருந்து எடுப்பவர்கள், தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. தினமும் கழற்றி, பல்செட்டையும் குமிழ்களைச் சுற்றியும் துலக்க வேண்டும். அழுக்குச் சேர்ந்தால் ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, திருகாணியே ஆடத் தொடங்கும். உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேயும். அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

செலவு அதிகம்தான். ஸ்கேன், இம்ப்ளான்ட், குமிழ், பல்செட் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரித்துப் பாருங்கள். நம் கொல்கத்தாவில் 1920-இல் தொடங்கிய டாக்டர் ஆர். அகமது கல்லூரிதான் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. எல்லோருக்கும் இம்ப்ளான்ட் தேவைப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். எலும்பு மேடு நன்றாக இருந்தால் உட்புறம் புதுப் பூச்சு கொடுப்பதோ, நல்ல அளவெடுத்துப் புது பல்செட் செய்வதோ போதும். அதை முதலில் கேளுங்கள்.

எனக்கு நான்கு பிடிமானம் இருப்பதால் அண்ணத்தை மூடும் தகட்டை வெட்டி, லாட வடிவில் செய்துகொடுத்தார்கள். பல வருடங்களுக்குப் பின் ரசத்தின் சூடு அண்ணத்தில் தெரிகிறது. ழகரம், ளகரம், ணகரம் மூன்றுக்கும் நாக்கு மேலே வளைந்து போகும் இடமும் அதுதான். வழி இப்போது காலியாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு முதல் வகுப்புக்கு வருகிறேன். விவரம் வேண்டுவோர் வகுப்பு முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டாம்.