பள்ளிக் கணினியும் நம் பிள்ளைகளும்

பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளையின் படிப்புக்கென்று பழைய கணினி ஒன்றை வாங்கிவிட்டு, அதை இயக்கும் மென்பொருளுக்குப் பணமின்றித் திகைப்போர் உண்டு. திருட்டுப் பிரதியை நாடுவோரும் உண்டு. இரண்டும் வேண்டியதில்லை என்பதை அண்டை மாநிலமாகிய கேரளம் காட்டியிருக்கிறது.

அங்கே 2001-இல் தோன்றிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், அரசுப் பள்ளிக் கணினிகளைப் படிப்படியாக லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய பணி அது. அதன் மூலநிரல் யாவர்க்கும் பொது; பிரதி எடுப்பது குற்றமன்று. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் இவ்வினத்ததே. நம் நகரிலேயே 'ஐ.டி. ஃபார் சேஞ்ச்' அமைப்பு, கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இத்தகைய மென்பொருள்களில் பயிற்சி அளித்திருக்கிறது.

நமக்கு இதில் வேறொரு நன்மையும் உண்டு. திரையின் மொழியைக் கன்னடமாகவோ தமிழாகவோ வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் தமிழ் கல்லாத நம் பிள்ளை, வீட்டில் நாள்தோறும் தமிழெழுத்தைக் காணும், தட்டெழுதவும் பழகும்.

குறையும் இல்லாமலில்லை. சில அச்சுப்பொறிகள் உடனே இணங்கா; பள்ளிப் பாடம் வேறு மென்பொருளைக் கோரவும் கூடும். ஆகவே முதலில் ஆசிரியரைக் கேட்போம். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்ப்போம்; மனம் நிறைந்தால் நிறுவுவோம். மிஞ்சும் பணத்தில் பிள்ளைக்கு நல்ல தமிழ் நூல்கள் வாங்கலாம் அன்றோ?