மறதி எல்லாம் நோயா?

சென்ற ஆண்டு ஒரு நாள் இரண்டாமாண்டு வகுப்பில் ஒளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒளியின் அலைக் கொள்கைக்குக் கணித வலிமை சேர்த்த பிரெஞ்சு அறிஞரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பெயர் வரவில்லை. பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லிவரும் பெயர்! முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "ஃபிரெனெல், சார்" என்று எடுத்துக் கொடுத்தாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஓர் அச்சம் புகுந்துகொண்டது.

எனக்கு வயது 38. அந்த மாதத்திலேயே இருமுறை வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவந்தேன். மின்கட்டணம் கட்ட மறந்தேன். என் பாட்டி கடைசிக் காலத்தில், பெற்ற மகனான என் தந்தையைப் பார்த்தே, "நீ யார் வீட்டுப் பிள்ளையப்பா?" என்று கேட்டவர். அது என் நினைவில் வந்து வந்து போயிற்று. மூன்று மாதம் எவரிடமும் சொல்லவில்லை. கடைசியில் என் மனைவிதான், "ஏங்க, மனசுக்குள்ளேயே வெச்சுக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று அழைத்துச் சென்றார்.

நினைவு எப்படி உருவாகிறது?

மருத்துவர் சொன்னதை விளங்கிக்கொள்ள, நினைவைப் பற்றிச் சிறிது அறிந்திருக்க வேண்டும். நினைவில் மூன்று படிகள் உண்டு. முதலில் செய்தி மனத்தில் பதிய வேண்டும். பிறகு காக்கப்பட வேண்டும். வேண்டும்போது மீட்கப்பட வேண்டும். இம்மூன்றில் எது தவறினாலும் நாம் 'மறந்துவிட்டேன்' என்றே சொல்கிறோம்.

பதிந்த செய்தியை நிலையான நினைவாக மாற்றுவதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. கடற்குதிரை போன்ற வடிவத்தால் வந்த பெயர் இது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பு நோயைத் தணிப்பதற்காக மூளையின் இருபுறமும் இப்பகுதியின் பெரும் பங்கை அகற்றினர். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் சந்தித்தவர்களை அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. இளமைக்கால நிகழ்ச்சிகளையோ அவர் மறக்கவில்லை. புதியதைச் சேமிப்பதும் பழையதைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் அவர். 2008இல் மறைந்தார்.

மறப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மிச்சம் ஏறக்குறைய 44 சதவீதம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21.

இயற்பியல் படிப்பவர்கள் இதைக் கதிரியக்கச் சிதைவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரை ஆயுள் ஒரு மணி நேரம் உள்ள பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 24 அரை ஆயுள்கள் கடந்துவிடும். மிஞ்சுவது 1 கோடியே 67 லட்சத்தில் ஒரு பங்குதான். நினைவு அப்படி அழிவதில்லை. முதலில் வேகமாகக் கரைகிறது. எஞ்சியது மெல்ல மெல்லவே கரைகிறது. ஆகவே மறதி என்பது நலமான மூளையிலும் நாள்தோறும் நடப்பதே.

மருத்துவர் என்ன செய்தார்?

முதலில் என்னைவிட என் மனைவியிடமே அதிகம் கேட்டார். "சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? பழகிய வழியில் தடுமாறுகிறாரா? வரவு செலவில் குழம்புகிறாரா?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில்.

பிறகு என்னிடம் மூன்று சொற்களைச் சொல்லி, 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79, 72, 65. உடனே அந்த மூன்று சொற்களைக் கேட்டார். மூன்றும் வந்தன. "எந்தத் தேதியில் எதை மறந்தீர்கள் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறீர்களே சார், அதற்கும் நினைவு வேண்டும் அல்லவா?" என்றார் சிரித்துக்கொண்டே.

ஆனால் சிரிப்போடு விட்டுவிடவில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதைக் கேட்டறிந்தார். பகலில் பதிந்தவை உறுதிப்படுவது பெரிதும் உறக்கத்தில்தான். உறக்கம் குறைந்தால் மறுநாள் கவனமும் குறையும். சாவியை வைக்கும்போது மனம் வேறெங்கோ இருந்தால், அது எங்கே இருக்கிறது என்பது பதிவதே இல்லை. பதியாததை எப்படி மீட்பது?

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு சரியாக இருந்தது. வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. நான் புலால் உண்பதில்லை, பாலும் குறைவு. இந்த வைட்டமின் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. மின்கம்பிக்குக் காப்புறை போல நரம்பிழைகளின் மேல் உள்ள மயலின் உறையைக் காக்க இது தேவை. அவ்வுறை இருப்பதால்தான் சில நரம்புகளில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரை பாய்கிறது; உறையில்லாத நரம்புகளில் வேகம் ஏறக்குறைய ஒரு மீட்டரே. மனச்சோர்வு, மது, சில ஒவ்வாமை மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதி தரலாம். இவற்றில் பலவும் சரிசெய்யக் கூடியவை.

எப்போது தாமதிக்கக் கூடாது?

பெயர் தொண்டையில் நிற்பதும் பிறகு தானே வருவதும் எல்லாருக்கும் உண்டு. ஆனால் கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, பழகிய வேலையின் முறை மறப்பது, வீட்டார் கவலைப்படும்போது தமக்கு ஒன்றுமில்லை என்று மறுப்பது — இவை மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள். திடீரெனக் குழப்பத்தோடு பேச்சுக் குழறினாலோ, கைகால் வலுவிழந்தாலோ, அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வயது குறைவு என்பதாலும் அலட்சியம் கூடாது. அல்சைமர் 1901இல் பரிசோதித்த பெண்மணிக்கு வயது 51தான். அவரைப் பற்றி 1906இல் அம்மருத்துவர் எடுத்துரைத்த நோய்தான் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. இளவயதில் அது அரிது, ஆயினும் இல்லாததன்று.

மருந்தும் உறக்கமுமாக ஆறு மாதம் கழிந்தது. என் தடுமாற்றம் பெருமளவு குறைந்துள்ளது. சாவியை இப்போதும் சில நாள் தேடத்தான் செய்கிறேன். ஆனால் அஞ்சித் தேடுவதில்லை. எனக்கு வருத்தம் அந்த மூன்று மாதங்களைப் பற்றித்தான். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதை நான் பயத்தால் மூடி வைத்திருந்தேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் எவருக்கோ இந்த ஐயம் இருந்தால், அதை மறைக்காதீர்கள்; போய்க் கேளுங்கள்.