கம்பி மேஸ்திரி ஆகலாமா?

புதுச்சேரியில் வீடு கட்டுகிறவர் டைல்ஸ் கடைக்குப் பத்து நடை நடப்பார். தளம் போடுவதற்கு முதல் நாள் மாடி ஏறிக் கம்பியைப் பார்க்க மாட்டார். மறுநாள் காங்கிரீட் மூடிவிடும், கட்டியவரின் பெயரும் அதோடு போச்சு. இப்படி யார் கண்ணிலும் படாத கம்பி வேலையைத் தொழிலாக எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம், முறையாகக் கற்றுக்கொள்வதாக இருந்தால்.

இந்த ஊருக்கு ஆர்.சி.சி., அதாவது கம்பி வைத்த காங்கிரீட், புதிதல்ல. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, இந்தியாவில் அந்த முறையில் எழுந்த முன்னோடிக் கட்டடங்களில் ஒன்று. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். அவர் சார்பில் 1937-இல் வந்த ஜார்ஜ் நகாஷிமா, இங்கேயே தங்கி வேலையை மேற்பார்வையிட்டார். ஆசிரமவாசிகளும் இறங்கி உழைத்தார்கள். கடற்கரைக்குப் பக்கத்திலேயே இன்றும் அது திடமாக நிற்கிறது.

நம் கட்டடங்களுக்கு எதிரி உப்புக்காற்று. கம்பியைச் சுற்றிப் போதுமான காங்கிரீட் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சிறு கட்டையை வைக்கிறோம். கடற்காற்று படுகிற இடத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி 45 மி.மீ. கனம் கேட்கிறது. கவர் பிளாக்குக்குப் பதில் கைக்குக் கிடைத்த ஜல்லியை முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படிக் கட்டிய பால்கனியில் சில வருடங்களில் கம்பி துருவேறி உப்பும், காரை பெயர்ந்து விழும். தூண், பீம் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கை வளைப்பதிலும் இதே கதைதான். முனையை 90 டிகிரியில் விட்டால் வேலை சீக்கிரம் முடியும். 135 டிகிரிக்கு உள்பக்கம் மடக்கினால்தான் நிலநடுக்கத்தில் ரிங் பிரியாமல் தாங்கும்.

ஹெல்பராகச் சேர்ந்தால் கம்பி தூக்குவதும், கொக்கியால் கட்டுக்கம்பியை முறுக்குவதும்தான் ஆரம்பப் பாடம். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மேஸ்திரி ஆக, டிராயிங் படிக்கவும் வெட்டுநீளம் கணக்கிடவும் தெரிய வேண்டும். எடைக் கணக்கு சுலபம்: விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. லாரியில் வந்த லோடு சரியா என்று நின்ற இடத்திலேயே சொல்கிற ஆளை எந்த இன்ஜினியரும் விடமாட்டார்.

காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையத்தில் கம்பி வளைத்துக் கட்டும் வேலையைக் கற்றுத் தருகிறார்கள். சைட்டிலேயே கற்றவர்களும் சான்றிதழ் ஒன்றை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு வேலைக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியவும் மறக்காதீர்கள். வயது 18 முதல் 60-க்குள், கடந்த 12 மாதங்களில் 90 நாள் வேலை: சட்டம் கேட்பது இவ்வளவுதான்.