அடுப்படிக் கணக்கில் ஐந்நூறாவது யூனிட்

சமையலுக்கு எரிவாயு மலிவா, மின்சாரம் மலிவா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஒரு வீடு ஆண்டுக்கு ஐந்து சிலிண்டர் வாங்கினாலும் பத்து வாங்கினாலும் அதன் விலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்க, மின்சாரத்தின் விலையோ பயன்பாடு கூடக் கூடப் படிப்படியாக ஏறிச்செல்வதால், ஒரே அளவு சோற்றையும் குழம்பையும் ஒரே வகை மின்னடுப்பில் சமைக்கும் இரு வீடுகள் அதற்காக இருவேறு தொகைகளைச் செலுத்த நேர்கிறது. ஆகவே சமையலறைக் கணக்கைத் தீர்மானிப்பது அடுப்பின் தரம் மட்டுமன்று. அந்த வீட்டின் விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஏற்கெனவே எத்தனை யூனிட்டைச் செலவழித்துவிட்டன என்பதே அதைவிடப் பெரிய காரணம்.

ஒப்பீட்டுக்கு முதலில் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுச் சிலிண்டரில் அடைக்கப்படுவது 14.2 கிலோ திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு, அதாவது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. அதன் ஒரு கிலோ எரியும்போது ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. மின்சாரத்தின் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் பயன்படுத்துவதற்குச் சமம். அது தரக்கூடிய வெப்பம் 860 கிலோ கலோரி. இந்த விகிதப்படி ஒரு சிலிண்டரில் அடங்கிய வெப்பம் சுமார் 181 யூனிட் மின்சாரத்துக்கு நிகராகிறது.

ஆனால் வெளிப்படும் வெப்பம் முழுவதும் பாத்திரத்தைச் சேர்வதில்லை. எரிவாயு அடுப்பின் சுடர் பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றி மேலே எழும்போது வெப்பத்தின் ஒரு பங்கு காற்றோடு கலந்து அடுக்களையைச் சூடாக்குகிறது. சிறிய பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் இந்த இழப்பு இன்னும் கூடும். நாட்டில் விற்கப்படும் எரிவாயு அடுப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்துள்ள குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 விழுக்காடு. இது ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவது என்பதால், அன்றாடச் சமையலில் 60 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் என்று கொள்வது நியாயமானது. இண்டக்‌ஷன் அடுப்பில் சுடரும் இல்லை, பழுக்கும் கம்பியும் இல்லை. அதன் அடியிலுள்ள செம்புச் சுருளில் மிகவேகமாகத் திசைமாறும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்க, அப்புலம் இரும்புத்தன்மையுள்ள பாத்திரத்தின் அடிப்பகுதியையே நேரடியாகச் சூடேற்றுவதால், செலுத்தப்படும் மின்சாரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு உணவைச் சென்றடைகிறது. இவ்விரு திறன்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை 130 முதல் 145 யூனிட் மின்சாரம் செய்துமுடிக்கும். இடைப்பட்ட 135 யூனிட்டையே இக்கட்டுரை அளவுகோலாகக் கொள்கிறது.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்த்தப்பட்ட பின் சென்னையில் ஒரு வீட்டுச் சிலிண்டரின் விலை 868.50 ரூபாய் ஆனது. அதை 135 ஆல் வகுத்தால் 6 ரூபாய் 43 காசு கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் இதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும் வரை மின்னடுப்பு லாபம், இதைத் தாண்டினால் எரிவாயுவே லாபம் என்னும் எல்லைக்கோடு இதுதான்.

இனி மின்கட்டணம். தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்கப்படுகிறது. 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2024 ஜூலைத் திருத்தத்துக்குப் பின், 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீடுகள் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாயும், 201 முதல் 400 வரை 4.70 ரூபாயும், 401 முதல் 500 வரை 6.30 ரூபாயும் செலுத்துகின்றன. 500 ஐக் கடந்தால் 600 வரை 8.40 ரூபாய், 800 வரை 9.45 ரூபாய், 1,000 வரை 10.50 ரூபாய், அதற்கு மேல் 11.55 ரூபாய். 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட உயர்வை வீடுகளுக்கு மட்டும் மாநில அரசே ஏற்றுக்கொண்டது. இப்பட்டியலை எல்லைக்கோட்டோடு ஒப்பிட்டால், 400 வரையிலான படிநிலைகள் மின்னடுப்புக்குச் சாதகமாகவும், அடுத்த படிநிலை இரண்டுக்கும் ஏறத்தாழச் சமமாகவும், அதற்கு மேற்பட்டவை அனைத்தும் எரிவாயுவுக்குச் சாதகமாகவும் அமைவது தெரியும்.

ஒரு சிலிண்டர் 45 நாள் வரும் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் அது எரிவாயுவுக்குச் செலவிடுவது 1,158 ரூபாய். அதே சமையலுக்குத் தேவைப்படும் மின்சாரம் 180 யூனிட். சமையல் நீங்கலாக 250 யூனிட் செலவழிக்கும் வீடு முழுவதுமாக மின்னடுப்புக்கு மாறினால் அதன் கட்டணம் 470 ரூபாயிலிருந்து 1,364 ரூபாயாக உயரும். கூடுதல் செலவு 894 ரூபாயே என்பதால் இரண்டு மாதத்துக்கு 264 ரூபாய் மிச்சமாகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் அடுப்பின் விலை ஒன்றிரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடும். குளிர்சாதன வசதியோடு 600 யூனிட்டை எட்டும் வீட்டிலோ சமையலின் 180 யூனிட்டும் 9.45 ரூபாய் வீதத்தில் விழுவதால் கூடுதல் செலவு 1,701 ரூபாயாகிறது. அவ்வீடு சிலிண்டரை விடாமலிருப்பதே சிக்கனம்.

இவ்விரண்டுக்கும் நடுவிலிருக்கும் வீடுகளின் நிலையே கவலைக்குரியது. 500 யூனிட் வரை பயன்படுத்திய வீட்டின் கட்டணம் 1,805 ரூபாய். 501 ஆகிவிட்டால் 2,048 ரூபாய் 40 காசு. கூடுதலான ஒற்றை யூனிட்டின் விலை 8.40 ரூபாயாக இருக்கையில் கட்டணம் 243 ரூபாய்க்கு மேல் எகிறுவதற்குக் காரணம், 500 ஐத் தாண்டிய கணமே இரண்டாவது நூறு யூனிட்டுக்கு அளிக்கப்பட்ட பாதி விலைச் சலுகை மொத்தமாகப் பறிபோவதுதான். சமையல் நீங்கலாக 340 யூனிட் பயன்படுத்தும் வீடு மின்னடுப்புக்கு மாறினால் மொத்தப் பயன்பாடு 520 ஆகி, கட்டணம் 893 ரூபாயிலிருந்து 2,208 ரூபாயாக உயர்கிறது. எரிவாயுவோடு ஒப்பிட 157 ரூபாய் நட்டம். அதே குடும்பம் சோற்றையும் பருப்பையும் பாலையும் மின்னடுப்பில் வைத்து, எஞ்சியதை எரிவாயுவில் சமைத்து, சமையலின் மின்செலவை 150 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டால், மொத்தம் 490 இல் நின்று 116 ரூபாய் மிச்சமாகும். முப்பது யூனிட் வேறுபாட்டில் லாபம் நட்டமாகத் திரிகிறது.

சலுகை உயர் பயன்பாட்டாளருக்குச் செல்லக்கூடாது என்ற நோக்கம் சரியானதே. ஆனால் பெற்றோரும் மணமான பிள்ளைகளும் ஒரே மீட்டரின் கீழ் வாழும் கூட்டுக்குடும்பம், தலைக்கு எவ்வளவு குறைவாகச் செலவழித்தாலும் 500 ஐ எளிதில் தாண்டிவிடுகிறது. தனித்தனி இணைப்புள்ள இரு சிறு குடும்பங்களுக்கு இரட்டைச் சலுகை கிடைக்கும்போது, சேர்ந்து வாழ்பவர்கள் அதை இழக்கிறார்கள். நாட்டின் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியை நம்பியிருக்கும் நிலையில் மின்னடுப்பை ஊக்குவிப்பது அரசின் விருப்பம் என்றால், சலுகை ஒரே வெட்டில் நீங்காமல் 500 க்கும் 600 க்கும் இடையே சிறிது சிறிதாகக் கரையும்படி கட்டண முறையைத் திருத்துவதே அதற்கு முதற்படியாக இருக்க வேண்டும்.

உஜ்வலா திட்டப் பயனாளிகளின் கணக்கு வேறு. 2016 இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கிடைப்பதால், நிகர விலை 568.50 ரூபாயாகி எல்லைக்கோடு 4 ரூபாய் 21 காசுக்கு இறங்குகிறது. அப்படியிருந்தும், 80 யூனிட் மட்டுமே பயன்படுத்தி, ஒரு சிலிண்டரை இரண்டு மாதம் ஓட்டும் ஏழைக் குடும்பம் மின்னடுப்புக்கு மாறினால் கட்டணம் 306 ரூபாய்க்குள் அடங்கும். கணக்குப்படி மிகுந்த லாபம் பெறக்கூடியவர்கள் இவர்களே. நடைமுறையில் மாறுவதற்கு மிகுந்த தடை உள்ளவர்களும் இவர்களே. அடுப்புக்கும் புதுப் பாத்திரங்களுக்கும் முன்பணம் வேண்டும். அலுமினியக் குண்டானும் ஈயச் சொம்பும் மண்சட்டியும் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறா. 2,000 வாட் அடுப்பைத் தாங்கும் 16 ஆம்பியர் இணைப்பு பல பழைய வீடுகளின் அடுக்களையில் இல்லை. வாடகைக் குடியிருப்பாளர்கள் பலருக்கோ தனி மீட்டரே கிடையாது. வீட்டுக்காரர் சொல்லும் வீதத்தில் யூனிட்டுக்குப் பணம் கொடுப்பவர்களுக்கு இலவச 100 யூனிட்டும் இல்லை, படிநிலைச் சலுகையும் இல்லை.

இந்த எல்லைக்கோடு நிலையானதும் அன்று. 2023 ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாய் குறைக்கப்படும் வரை சென்னையில் சிலிண்டர் 1,118.50 ரூபாய்க்கு விற்றது. அன்றைய எல்லைக்கோடு 8 ரூபாய் 28 காசு. அப்போது 501 முதல் 600 வரையிலான மின்சாரத்தின் விலையே 8 ரூபாயாக இருந்ததால், இன்று நட்டம் காணும் வீடுகள் சிலவற்றுக்கு அன்று மின்னடுப்பு கட்டுப்படியாகியிருக்கும். உலகச் சந்தை விலையும் தேர்தல் காலங்களும் சிலிண்டரின் விலையை ஏற்றி இறக்குகின்றன. கோடையில் குளிர்சாதனம் ஓடும் இரண்டு மாதங்களில் மின் படிநிலையும் மாறிவிடுகிறது. எனவே ஓராண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளையும் ஒருங்கே வைத்துக்கொண்டு, ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதையும் குறித்துக்கொண்ட பிறகே ஒரு குடும்பம் முடிவெடுப்பது நல்லது. சமையல் நீங்கலாக 320 யூனிட்டுக்குள் நிற்கும் மாதங்களில் மின்னடுப்பையும், அதைத் தாண்டும் கோடையில் எரிவாயுவையும் பயன்படுத்தும் வகையில் இரண்டையும் வைத்திருப்பதே இன்றைய கட்டண முறையில் நடுத்தர வீடுகளுக்கு மிகக் குறைந்த செலவைத் தரும்.