மாடியில் டிஷ் மாட்டும் முன்

டி.வி.யில் படம் சரியாக வரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், “ஆன்டெனாவை மாத்திடலாங்க” என்பார். மாற்றுவதற்கு முன், நம் வீட்டுக்கு மேலே என்ன அலை வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வராத அலையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏரியலாலும் பிடிக்க முடியாது.

புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூனில், காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களில், ஒரு காலத்தில் ஓட்டுக்கூரை மேல் நீண்ட பைப்பில் நின்ற அலுமினியக் கம்பி ஏரியல் இன்று காக்கை உட்காரத்தான் பயன்படும். தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பைப் படிப்படியாக நிறுத்தி, 2022-க்குள் பெரும்பாலான இடங்களில் மூடிவிட்டது. ‘மாதக் கட்டணமே இல்லை, எல்லா சேனலும் வரும்’ என்று ஆன்லைனில் விற்கும் தட்டையான சின்ன ஆன்டெனாவும் தரைவழி அலைக்கானதுதான். இங்கே வாங்கினால் தண்டச் செலவு.

மிச்சம் இருப்பவை கேபிள், கட்டண டி.டி.எச்., அரசின் டி.டி. ஃப்ரீ டிஷ். சன், விஜய் சீரியல் இல்லாமல் முடியாது என்றால் முதல் இரண்டில் ஒன்று. செய்தி, பழைய படம், டி.டி. தமிழ் போதும் என்பவர்களுக்கு ஃப்ரீ டிஷ் தாராளம். 2004 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவைக்குப் பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறை செலவு செய்தால் போதும். இதற்கு ‘வருஷ ரீசார்ஜ்’ என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று. பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 வகைதானா என்று கேளுங்கள். பழைய வகையில் சில சேனல்கள் வராது. வாடகை வீடு மாறுகிறவர்கள், வேலைக்காக ஊர்விட்டு ஊர் போய்த் தங்குகிறவர்கள் டிஷ்ஷையே தேர்ந்தெடுக்கலாம். கேபிள் இணைப்பு அந்தத் தெருவோடு முடிந்துவிடும். டிஷ்ஷைக் கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம்.

ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. நம் பகுதியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தரையிலிருந்து ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் இருக்கும். அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். அதனால் தூரத்துத் தென்னை தொந்தரவு செய்யாது. வீட்டை ஒட்டித் தென்கிழக்கில் கவிந்து நிற்கும் மாமரம் நிச்சயம் செய்யும். அடைமழையில் படம் சிறிது நேரம் உடைவது இயல்பு. அதற்காக டிஷ்ஷின் அலைவாங்கியான எல்.என்.பி.யைப் புதிதாக வாங்கச் சொன்னால் ஏமாறாதீர்கள். மழை விட்ட பிறகும் படம் வராவிட்டால்தான் பழுது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து மின்கம்பி. டிஷ் பைப்பைத் தூக்கி நிறுத்தும்போது அது சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். பைப்பின் நீளத்தைவிடக் கூடுதலாகவே விடுங்கள். மின்துறைக் கம்பத்தில் டிஷ்ஷோ கேபிளோ கட்டவே கூடாது. இடி மின்னல் நெருங்குவதற்கு முன்பே பிளக்கோடு ஆன்டெனா வயரையும் கழற்றுங்கள். பலர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மின்னல் அந்த வயர் வழியாகவும் இறங்கும். புயல் எச்சரிக்கை வந்தால், காற்று எழும்புவதற்கு முன்பே டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வையுங்கள். காற்றில் மாடி ஏற வேண்டாம்.

கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. ‘பேக்கேஜ்தான் தருவோம்’ என்று கட்டாயப்படுத்த முடியாது. புகார் சொன்னால் புகார் எண் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிமுறை போடும் அமைப்பு. தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. பலர் அங்கே எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்ற பேச்சில் பில்லை விட்டுவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது.

வானொலிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. வானொலி கேட்க லைசென்ஸ் எடுத்துத் தபாலாபீசில் பணம் கட்டியதெல்லாம் 1980-களோடு போயிற்று. 102.8 மெகாஹெர்ட்சில் வரும் புதுச்சேரி எஃப்.எம். ரெயின்போவைப் பிடிக்க, செட்டின் கம்பியை முக்கால் மீட்டர் அளவுக்கு இழுத்து நிமிர்த்தினால் போதும். கான்கிரீட் வீடென்றால் ஜன்னல் ஓரம் வையுங்கள். எஃப்.எம். வசதியுள்ள செல்போன் என்றால் இயர்போன் வயர்தான் அதன் ஏரியல்; வயர்லெஸ் இயர்பட்டில் அது நடக்காது.

2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். அப்படிப்பட்ட நாளில் கரண்ட் போனால் டி.வி. ஓடாது, டவர் படுத்தால் செல்போனும் உதவாது. ஐப்பசி மழை தொடங்குமுன் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோவும் ஒரு ஜோடி மாற்று பேட்டரியும் வாங்கி வையுங்கள்.