பெயர் எழுதிய பானை ஓடுகள்

மீனாட்சிபுரத்தில் நான்காம் வகுப்புப் பயிலும் என் மகன், ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பியதும், "அப்பா, நாம் இந்த ஊர்க்காரர்களா, வந்தவர்களா?" என்று வினவினான். உடன் பயிலும் சிறுவன் ஒருவன் கேட்டானாம். எல்லைப்புறத்தில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இக்கேள்வி புதிதன்று. "உன் பாட்டனார் காலத்தில் வந்தோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

அண்மையில் சென்னிமலையிலுள்ள மைத்துனர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அங்கிருந்து மேற்கே, நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. நான் ஆராய்ச்சியாளன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா. எனினும், அங்குக் கண்டதையும் பின்னர்ப் படித்தறிந்ததையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பார்வைக்குக் கொடுமணல் ஒரு சிற்றூரே. சுற்றிலும் மானாவாரிக் காடுகள். அவற்றிடையே ஈமச் சின்னங்களாகிய பெருங்கற்கள். சேர வேந்தரைப் பாடும் பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' எனப் புகழப்பெறும் ஊர் இதுவேயென்பது அறிஞர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் இங்கு அகழ்ந்தனர். பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் இப்பணியில் முன்னின்றனர். 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகமும், வேறு ஆண்டுகளில் தமிழகத் தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தின.

சதுரமாகக் குழி வெட்டி, மண்ணை அடுக்கடுக்காக நீக்குவர். ஆழம் கூடக் கூடக் காலம் பின்னோக்கிச் செல்லும். ஆழ்ந்த அடுக்குகளில் கிடைத்த கரி, கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே அங்கு மக்கள் வாழ்ந்தமையைக் காட்டிற்று. அவர்கள் இரும்பை உருக்கினர், எஃகும் ஆக்கினர். அருகிலுள்ள படியூர்ப் பகுதியின் பச்சைக் கல்லைப் பட்டை தீட்டி மணியாக்கினர். உள்ளூரில் அகப்படாத சூதுபவளக் கல் கூர்ச்சரப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன!

என் உள்ளத்தை மிகக் கவர்ந்தவை பானை ஓடுகளே. நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்களைக் கீறியுள்ளனர். 'கண்ணன் ஆதன்' என்பது ஒன்று. 'சம்பன் சுமணன்' என்பது மற்றொன்று. வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற வடபுலச் சொல்லும் உண்டு. நம் தாய்மார் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில்லையா? அதே வழக்கத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் மட்பாண்டத்தில் கடைப்பிடித்தனர்!

இப்பொருள்களும் மாந்தரும் எவ்வழியே போய் வந்தனர்? மேற்கே முசிறித் துறைமுகம், கிழக்கே கரூர். இரண்டையும் இணைத்த பெருவழி, 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற பாலக்காட்டுக் கணவாய் வழியே சென்றது. கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தமை இதற்குச் சான்று. நம் பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் மலையைக் குடையாமல் ஓடுவதும் அதே கணவாயில்தான்.

இனி, ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் பூர்விக ஊரில் கிணறு வெட்டுகையில் பெரியதொரு தாழி தென்பட்டது. பொன் இருக்குமென்று எண்ணி, என் சிறிய தகப்பனார் கடப்பாரையால் அதை உடைத்தார். உள்ளே எலும்பும் சில சிவப்பு மணிகளுமே இருந்தன. மணிகளைக் கோலி ஆடித் தொலைத்தவர்களுள் நானும் ஒருவன். சீட்டுக் கிழிந்த பார்சல் மூட்டை எங்கிருந்து வந்தது, யாருக்குரியது என்று எவராலும் சொல்ல இயலாது. இடம் பெயர்ந்த தொல்பொருளின் நிலையும் அதுவே. எந்த அடுக்கில், எதனருகில் கிடந்தது என்பதே அதன் சீட்டு. அன்று நாங்கள் அதைக் கிழித்தோம். இனி ஒட்ட வழியில்லை.

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உழும்போதோ கிணறு தோண்டும்போதோ தாழி, எழுத்துள்ள ஓடு, மணி முதலியன தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள், பொருளை அசைக்காதீர்கள். கிராம அலுவலர் வாயிலாகக் கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை அறிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

வீடு திரும்பியதும், என் அன்னையார் பெயர் வெட்டிய பழைய தவலையை மகனுக்குக் காட்டி, கண்ணன் ஆதன் பானையின் கதையைச் சொன்னேன். "அவரும் இந்த வழியாகத்தான் வந்தாரா அப்பா?" என்று கேட்டான். அவரைப் பற்றி ஓடு அவ்வளவு கூறவில்லை. ஆனால் அவர் காலத்து மக்கள் பலர் இவ்வழியே வந்தும் சென்றும் இருந்தனர், நாமும் அவ்வாறு வந்து இவ்வூர்க்காரர் ஆனவர்களே என்றேன். மறுநாள் அதைத் தன் தோழனிடம் சொல்லப் புறப்பட்டான்.