வீட்டுத் தென்னையில் புது வெள்ளை ஈ: ஓலையின் அடிப்புறத்தைப் பார்த்த பிறகே மருந்தை எண்ண வேண்டும்

சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை, குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் வீட்டுக் கொல்லையில் நாலைந்து தென்னை நிற்பது வழக்கம். குழம்புக்குத் தேங்காய், மிஞ்சினால் சந்தைக்கு. விழுகிற மட்டை கீற்றாகவும் விளக்குமாறாகவும் அடுப்பெரிக்கவும் பயன்படும். இந்த மரங்களின் அடியில் சில ஆண்டுகளாக ஒரு மாறுதலைக் காண முடிகிறது. கிணற்றடித் துவைகல் பிசுபிசுக்கிறது. கொடியில் காயப்போட்ட வேட்டியில் கரும்புள்ளி விழுகிறது. மரத்தடி வாழையின் இலை கரி பூசியதுபோல் கறுத்துவிடுவதால், சாப்பாட்டு இலையாக அதை வாங்க ஆளில்லை. தாழ்ந்த மட்டையை ஒரு தட்டுத் தட்டினால் சிறு வெள்ளைப் பூச்சிகள் மாவு பறப்பதுபோல் கிளம்புகின்றன.

"எங்கள் காலத்தில் இப்படி ஒரு பூச்சி இருந்ததில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்மைதான். இது நம் நாட்டுப் பூச்சி அல்ல. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்பது இதன் பெயர். மத்திய அமெரிக்காவில் உள்ள பெலிஸ் நாட்டில் எடுத்த பூச்சிகளைக் கொண்டு 2004-ஆம் ஆண்டில்தான் இதற்கு விஞ்ஞானிகள் பெயரிட்டனர். 2009-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தென்பட்டது. 2016-ல் பொள்ளாச்சியிலும் அதையடுத்த பாலக்காட்டுப் பகுதியிலும் தென்னந்தோப்புகளில் காணப்பட்டது. பிறகு தமிழகத்தின் மற்றத் தென்னை மாவட்டங்களுக்கும் பரவி, கடலூர் மாவட்டத்தையும் எட்டிவிட்டது.

அடையாளம் என்ன?

சாதாரண வெள்ளை ஈயைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. மந்தமாகப் பறக்கும். இறக்கையில் வெளிர் பழுப்பு நிறத்தில் ஒழுங்கற்ற பட்டைகள் இருக்கும். தாய்ப்பூச்சி ஓலையின் அடிப்புறத்தில் சுருள் வட்டமாக முட்டையிட்டு, அதன்மேல் வெள்ளை மெழுகைப் பூசி வைக்கும். இந்த அடையாளம் கோலப்பொடியால் சுழி போட்டதுபோல் இருக்கும்.

குஞ்சுகள் ஓலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியதில் பெரும்பகுதியைத் தேன்போன்ற பசையாகக் கழித்துவிடும். அந்தப் பசை கீழ் மட்டைகளின் மேற்புறத்திலும், மரத்தடிச் செடிகளிலும், கூரையிலும் விழும். அதன்மேல்தான் கரும்பூசணம் படர்கிறது. கறுத்த இலையில் வெயில் படாததால் மரம் தன் உணவைச் சரியாகத் தயாரிக்க முடியாமல் நலிகிறது. மரம் சாவதில்லை, ஆனால் காய்ப்பு குறையலாம். நெட்டை ரகங்களைவிடக் குட்டை ரகங்களும் ஒட்டு ரகங்களும் அதிகமாகத் தாக்கப்படுகின்றன. வாழை, கொய்யா, சப்போட்டா முதலியவற்றிலும் இந்த ஈ வாழும்.

மழைக்கும் பூச்சிக்கும் உள்ள தொடர்பு

பருவம் மாறியதால்தான் இந்தப் பூச்சி வந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது பாதிதான் சரி. கடல் கடந்து இது தானாகப் பறந்து வரவில்லை. இத்தகைய பூச்சிகள் செடி, கன்று, இலைகளோடு மனிதர் கையால்தான் நாடுவிட்டு நாடு போகின்றன. ஆனால் வந்த பூச்சி பெருகுவதும் அடங்குவதும் பருவத்தின் கையில் இருக்கிறது.

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அந்த அடைமழை ஓலையில் உள்ள ஈயையும் பசையையும் கழுவித் தள்ளிவிடும். மழை பொய்த்து வறண்ட வெப்பம் நீடித்தாலோ ஈக்குக் கொண்டாட்டம். முட்டையிலிருந்து தாய்ப்பூச்சியாக ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகும். சூடு கூடினால் இக்காலம் சுருங்கி, ஒரு கோடையில் தலைமுறைகள் கூடிவிடும்.

இப்போது மழையும் முறை தவறிப் பெய்கிறது. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டான 2016-ல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. பொள்ளாச்சியில் இந்த ஈ தோன்றிய ஆண்டும் அதுவே. ஆகவே தை பிறந்தது முதல் மழைக்காலம் தொடங்கும்வரை, வாரம் ஒருமுறையாவது தென்னையின் அடிமட்டைகளைக் கவனிப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு கறுப்பு

ஓலையில் இரண்டு வகைக் கறுப்பு உண்டு. ஒன்று கேடு, மற்றொன்று நன்மை.

மேற்புறத்தில் கரிபோல் படர்ந்திருப்பது கரும்பூசணம். அதைக் கண்டதும் மருந்தைத் தேடி ஓடாமல், ஓலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் ஒட்டியுள்ள குஞ்சுகள் வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அவை உயிருள்ள ஈக் குஞ்சுகள். அவற்றிடையே கறுத்துப்போனவை இருந்தால், குறிப்பாக அவற்றில் ஊசி குத்தியதுபோல் வட்டத் துளை இருந்தால், அது நம் பக்கத்து ஆள் செய்த வேலை.

அந்த ஆள் என்கார்சியா என்ற குளவி. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது, மனிதரைக் கொட்டாது. ஈக் குஞ்சின் உடலில் முட்டையிடும். குளவியின் புழு உள்ளிருந்தே குஞ்சைத் தின்று வளர்ந்து, துளையிட்டு வெளியே வரும். 1993-ல் கேரளத்தில் வேறொரு சுருள் வெள்ளை ஈ நுழைந்து கொய்யாவிலும் மரவள்ளியிலும் பரவியது. அதை அடக்க லட்சத்தீவின் மினிக்காயிலிருந்து கொண்டுவரப்பட்ட குளவி இது. பழைய ஈக்காக வந்த காவலாளி, புதிய ஈயையும் பிடித்துக்கொண்டது. குளவி போதுமான அளவு பெருகிய தோப்புகளில் ஈயின் கூட்டம் தானாகக் குறைகிறது.

விஷ மருந்து தெளித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். ஈக் குஞ்சுக்கோ மெழுகுப் பூச்சு ஓரளவு காப்பாக இருக்கிறது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் தப்பிய ஈ, தடுக்க ஆளில்லாமல் முன்னைவிட அதிகமாகப் பெருகும். மேலும் வீட்டுத் தென்னையின் அடியில் கிணறு இருக்கிறது, மாட்டுக் கொட்டகை இருக்கிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள். வேர் மூலம் மருந்து கட்டுவதும் இளநீர் குடிக்கும் மரத்துக்கு ஏற்றதல்ல. மூட்டம் போட்டால் பறக்கும் ஈ அடுத்த வீட்டு மரத்துக்குப் போகுமே தவிர, ஓலையில் ஒட்டிய குஞ்சு நகராது.

முன்னே கற்ற பாடம்

இது புதுப் பாடமல்ல. 2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என எதையும் விடாமல் வெள்ளையாக அப்பியது. மருந்துக்குமேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டன. அங்கே சோதித்து வளர்த்த குளவிகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெற்றுப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. குளவி விட்ட இடத்தில் விஷ மருந்து தெளிக்கக் கூடாது என்று விவசாயிகளிடம் வலியுறுத்தப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் மாவுப்பூச்சியின் கொட்டம் ஒடுங்கியது.

செய்ய வேண்டியவை

1. அடிப்புறத்தில் கறுத்த குஞ்சுகள் ஏராளமாக இருந்தால் வேறொன்றும் செய்ய வேண்டாம். அந்த மட்டைகளை வெட்டி எரிக்கவும் கூடாது. எரித்தால் குளவியும் சேர்ந்து எரியும்.

2. கறுத்த குஞ்சே இல்லாவிட்டால், குளவி உள்ள தோப்பிலிருந்து கறுத்த குஞ்சுகளோடு கூடிய ஓலைத் துண்டுகளை வாங்கி, தாக்கப்பட்ட ஓலையில் குத்தி வைக்கலாம். தோப்புக்கு ஏக்கருக்கு 10 துண்டுகள் போதும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளையும் ஏக்கருக்கு 400 வீதம் வைக்கலாம். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் இவற்றை வளர்த்துத் தருகிறது.

3. மஞ்சள் தாள் அல்லது பாலிதீனில் 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் பொறி செய்து, விளக்கெண்ணெய் தடவி, 6 அடி உயரத்தில் கட்ட வேண்டும். தோப்புக்கு ஏக்கருக்கு 8. கொல்லையில் நாலைந்து மரத்துக்கு ஒன்று போதும். வாரம் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் தடவ வேண்டும்.

4. எட்டும் உயரத்தில் உள்ள மட்டைகளின் அடிப்புறத்தில் விசைத்தெளிப்பான் கொண்டு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் ஈயும் குஞ்சும் உதிரும்.

5. கரும்பூசணத்தை நீக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் கலந்து காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டி, இலையின் மேற்புறம் தெளிக்க வேண்டும். வெயிலில் காய்ந்து ஏடு ஏடாகப் பெயரும்போது கரியும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

6. மரங்களிடையே வாழையும் கல்வாழையும் இருந்தால், குளவி தங்கிப் பெருக இடம் கிடைக்கும்.

7. ஈ தாக்கிய ஊரிலிருந்து தென்னங்கன்றோ பச்சை மட்டையோ கொண்டுவரக் கூடாது.

யாரிடம் காட்டுவது?

நாளை வேறொரு புதுப் பூச்சியும் வரலாம். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்ததை விருத்தாசலம், வேப்பூர் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள். பழக்கமில்லாத பூச்சியைக் கண்டால், கடையில் கிடைக்கும் மருந்தை வாங்கும் முன்பு, பூச்சியோடு கூடிய இலையைக் காகிதப் பையில் போட்டு, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண்மைப் புலத்திலோ காட்டிக் கேட்க வேண்டும்.

புதுப் பூச்சியை முதலில் பார்ப்பது கிணற்றடியில் பாத்திரம் துலக்கும் வீட்டுப் பெண்களும், வாழை இலை அறுப்பவர்களும்தான். அவர்கள் சொல்வதை அலட்சியம் செய்யாமல் அன்றே ஓலையைத் திருப்பிப் பார்த்தால், மருந்துச் செலவும் மிச்சம். மரத்தைக் காக்கும் குளவியும் மிச்சம்.